ஃபில்டர்களை ஒப்பிடும் முன் லெவலைச் சமமாக்குங்கள்

மாடுலர் சிந்தசைசரில் ஒலியின் மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் என்றாலே, ஆக்டேவுக்கு 12 டிபி வெட்டுமா, 24 டிபியா என்றுதான் முதல் கேள்வி வருகிறது. காதில் அதைவிடப் பெரிதாகத் தெரியும் விஷயங்கள் இரண்டு: ரெசொனன்ஸை (வெட்டு தொடங்கும் கட்ஆஃப் அருகே ஒலியைத் தூக்கிக் காட்டுவது) ஏற்றினால் பேஸ், அதாவது கீழ் ஒலி, என்ன ஆகிறது, உள்ளே விடும் சிக்னலை ஏற்றினால் எங்கே அதன் உச்சி வெட்டுப்பட்டுக் கிளிப் ஆகிறது.

மூக் சிந்தசைசர்களின் லேடர் ஃபில்டரில் வெளியீட்டைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பி விடுவதுதான் ரெசொனன்ஸ். அந்த ஃபீட்பேக் கெயின் 4-ஐத் தொட்டதும் ஃபில்டர் உள்ளீடு இல்லாமல் தானாகவே ஒலிக்கும், அதாவது ஆசிலேட் ஆகும். கட்ஆஃபுக்கு வெகு கீழே உள்ள ஒலியையும் அதே ஃபீட்பேக் கழித்துவிடும். அங்கே கெயின் ஐந்தில் ஒன்றாகிறது, ஏறத்தாழ 14 டிபி இறக்கம். பேஸ் காணாமல் போவது இதனால்தான், மாட்யூலில் பழுது இல்லை. மிக்ஸரில் மூல சிக்னலைக் கொஞ்சம் சேர்த்தால் பேஸ் திரும்பும். சேர்த்தபின் இன்னும் மெலிந்தால் அந்த மாட்யூல் வெளியீட்டைத் தலைகீழாகத் தருகிறது என்று பொருள்; இன்வெர்ட்டர் வழியாக விடுங்கள்.

ஓபர்ஹைம் எஸ்இஎம் சிந்தசைசரின் ஃபில்டர் ஸ்டேட்-வேரியபிள் என்ற வேறு சுற்று வகை. பேஸ் அப்படியே நிற்கும், ஆனால் அது ஆசிலேட் ஆகாது. கோர்க் எம்எஸ்-20 சிந்தசைசரின் ஃபில்டர் வகையில் ஃபீட்பேக் பாதையிலேயே டயோடுகள் கிளிப் செய்கின்றன. பலத்த சிக்னல் வந்தால் ரெசொனன்ஸ் அமுங்கிப்போகும். அலற வேண்டுமா, உள்ளீட்டைக் குறையுங்கள். பலரும் நேர்மாறாகத்தான் செய்கிறார்கள்!

ஒப்பிட 110 ஹெர்ட்ஸ் சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலை போதும். கட்ஆஃபை முழுக்கத் திறந்து, ரெசொனன்ஸைப் பூஜ்யத்தில் வைத்து, எல்லா வெளியீட்டையும் மீட்டரில் ஒரே லெவலுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாவிட்டால் சத்தம் கூடியதே 'கொழுத்த' ஃபில்டராகத் தோன்றும். பிறகு ரெசொனன்ஸை ஏற்றி, கட்ஆஃபை மெல்லத் திருப்புங்கள். நான்காவது ஹார்மோனிக்கான 440 தனியாக ஒலித்து எழும் இடத்தில் நிறுத்துங்கள். ஆசிலேட் ஆகாத ஃபில்டருக்கும் இந்த வழி பொருந்தும். குமிழ் எண்களை நம்ப வேண்டாம், ஒவ்வொரு பேனலிலும் குமிழுக்குப் பின்னுள்ள பாட் (மாறுமின்தடை) வேறு. இனி உள்ளீட்டை 1, 5, 10 வோல்ட் உச்சிக்கு உச்சி என்று மாற்றிக் கேளுங்கள்.

வாக்ட்ரோல் (உள்ளே உள்ள ஒளியால் மின்தடை மாறும் பாகம்) உள்ள லோ-பாஸ் கேட்டை, அதாவது ஒலியளவையும் மேல் அதிர்வெண்களையும் சேர்த்தே குறைக்கும் மாட்யூலை, இந்த வரிசையில் வைப்பது அநியாயம். ஒளி அணைந்தபின்னும் அதன் மின்தடை மெதுவாகத்தான் ஏறும். அந்த வால்தான் அதன் குணம். குறுகிய பல்ஸ் கொடுத்துக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் 20 நிமிடம் சூடாக விட்டபின் தொடங்குங்கள். கட்ஆஃபை ஒரு ஆக்டேவ் நகர்த்த டிரான்சிஸ்டரின் பேஸ் முனையில் (base) 18 மில்லிவோல்ட்தான். வெப்ப மாற்றத்தை ஈடுகட்டும் டெம்ப்கோ ரெசிஸ்டர் இல்லையென்றால், 10 டிகிரி ஏறும்போது மூன்று ஆக்டேவ் இடைவெளி ஒரு செமிடோனுக்கு மேலேயே சுருங்கிவிடும்.