பச்சை மை, நடுங்கும் கை

மார்ச் 3

கடிதம் வந்துவிட்டது. டெட்ராய்ட் ரசிகர் ஒருவருக்கு, பழைய அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டை காப் 1939இல் எழுதியது என்று சொல்லித்தான் விற்றார்கள். பச்சை மை. காப் பிற்காலத்தில் பச்சை மையில் நிறைய எழுதினார் என்பது பேஸ்பால் கையெழுத்து சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் பணம் சேர்த்து வாங்கினேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1905 முதல் 1926 வரை டெட்ராய்ட் அணிக்கு ஆடிய கை இந்தத் தாளில் அழுந்தியிருக்கிறது!

மார்ச் 5

ராத்திரி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வேகமாக எழுதும் கை பேனாவைத் தூக்கும்போது கோடு மெலிந்து வால்போல முடியும். இதில் ஒவ்வொரு கோடும் மொட்டையாக நிற்கிறது, முனையில் மை தேங்கியிருக்கிறது. வளைவுகளில் மெல்லிய நடுக்கம். ஒன்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தால் இப்படித்தான் வரும்.

பேனா சரியில்லாமல் இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் மேலே எழுதியிருந்த விலாசத்தைப் படித்தேன். டெட்ராய்ட் என்ற பெயருக்குப் பக்கத்தில் 26 என்று ஓர் எண். அமெரிக்கத் தபால் துறை பெரிய நகரங்களுக்கு இப்படி மண்டல எண் கொடுத்ததே 1943இல்தான். ஐந்து இலக்க ஜிப் கோடு அதற்கும் இருபது வருடம் கழித்து. 1939ஆம் வருடக் கடிதத்துக்குள் அந்த 26 எப்படி வந்தது?

மார்ச் 21

விற்றவர் பாதிப் பணம்தான் திருப்பித் தந்தார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. இறந்துபோன மனிதர் எழுதாத வார்த்தைகளை அவர் எழுதியதாக விற்றிருக்கிறார்களே, அதுதான் ஆறவில்லை.

மார்ச் 30

மெல்ல வரைந்த கையெழுத்தெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. இன்னொரு பழைய ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக, படம் வரைவதுபோலத்தான் எழுதுவார். பெரும்பாலும் மனைவி கேட்டிதான் அவர் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். ஜாக்சனே போட்டதற்கு மலைக்கவைக்கும் விலை. கேட்டி போட்டதைச் சேகரிப்பவர்கள் ஒரு படி கீழே வைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வீட்டிலிருந்து ரசிகர்களுக்குப் பதில் போனது அந்த அம்மாவின் கையால்தானே. கேட்டி எழுதிய ஒன்று கிடைத்தால் ஆசையாக வாங்குவேன்.

ஏப்ரல் 13

நியூ ஹேவனில் ஒரு பெரியவர் தன் அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார். 1980களில் பழைய ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவாராம். கூடவே வெறும் அட்டை ஒன்றும், தன் விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டிய கவர் ஒன்றும் வைப்பாராம். அவ்வளவுதான், பதில் வந்துவிடுமாம்.

அதில் ஸ்மோக்கி ஜோ வுட் கையெழுத்திட்ட அட்டை இருந்தது. 1912இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக 34 ஆட்டங்களில் வென்ற பிட்சர், அதாவது பந்து எறிபவர். அடுத்த வருடமே கட்டைவிரல் முறிந்தது; பழைய வேகம் நிலைக்கவில்லை. அதோடு ஒதுங்கிவிடாமல், பேட் பிடித்து, மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டராக 1920இல் கிளீவ்லாந்தோடு உலகத் தொடரை வென்றார். பிறகு இதே ஊரில், யேல் பல்கலைக்கழகத்தில், இருபது வருடம் பயிற்சியாளர். 1985இல், 95 வயதில் காலமானார்.

அட்டையில் பால்பாயிண்ட் பேனா. இதிலும் நடுக்கம், கோடு முழுக்கச் சின்னச் சின்ன அலையாக. ஆனால் எங்கேயும் தயங்கி நிற்கவில்லை. கை ஆடினாலும் எங்கே திரும்ப வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கடைசி எழுத்து வால்போல மெலிந்து முடிகிறது. போலிக் கடிதத்தின் நடுக்கம் பயந்த நடுக்கம். இது வயதின் நடுக்கம். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் விற்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 2

நானும் ஒரு கடிதம் எழுதினேன். 1950களில் இரண்டே சீசன் ஆடியவர், தொண்ணூறு தாண்டியவர். இன்னும் இருப்பவர், அதனால் பெயர் எழுதவில்லை. டைப் செய்யாமல் மைப்பேனாவால் இரண்டு பக்கம். முதல் ஆட்டத்தன்று மைதானத்துக்கு எப்படிப் போனீர்கள் என்று மட்டும் கேட்டேன். கீழே வழக்கம்போலத் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

மே 24

தபால் பெட்டியில் என் கையெழுத்திலேயே ஒரு கவர் கிடந்தது. ஒரு நொடி, என் கடிதம்தான் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். பிரித்தால் கோடு போட்ட தாளில் பதினொரு வரி, நீல பால்பாயிண்ட். பஸ்ஸில் போனாராம், காலுறையை வீட்டில் மறந்துவிட்டாராம். வரிகள் வலப்பக்கம் சரிந்து சரிந்து இறங்குகின்றன.

கடைசி வரியில் ஒரு கேள்வி: உங்கள் பெயருக்கு வட்டமும் சுழியுமாகப் போட்டிருக்கிறீர்களே, அது என்ன எழுத்து? என் பெயரை அதில் எழுதினால் எப்படி இருக்கும்?

வெற்று அட்டை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கிறேன். அவர் பெயரில் ஒரு ‘ழ’கூட இல்லை, இருந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும்.