குக்கர் வாடகை

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு லாட்ஜில் 11 வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் லுங்கித் தறி ஓடியது, அது படுத்த பிறகுதான் இந்த வேலை. 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரியின் சிகிச்சையை நம்பி இன்றைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காந்தி ரோட்டில் கடைப் பலகைகள்கூட வங்காளியில் இருக்கும். காட்பாடியில் ரயில் இறங்கி, ஆட்டோவில் மூட்டையோடு வந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது வாடகை, அடுத்து கேட்பது ரூமில் சமைக்கலாமா என்று. அடுப்பு, குக்கர், சட்டி எல்லாம் நாங்களே வாடகைக்குக் கொடுப்போம்.

எல்லாவற்றுக்கும் பேரம். "எக்டு கொம் கொருன், தாதா" என்று கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது, கஞ்சப் பிசினாரிகள் என்றே நினைத்தேன். 4 நாளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களை ஒரு டெஸ்ட் இன்னொரு டெஸ்டுக்கு இழுத்து, 40 நாள் ஆகி, ஊரில் இருக்கும் தம்பியிடம் போனில் நிலத்தைப் பற்றித் தணிந்த குரலில் பேசுவதைப் படிக்கட்டில் பல ராத்திரி கேட்ட பிறகுதான் அந்த 30 ரூபாய் குக்கர் வாடகையின் கனம் எனக்குப் புரிந்தது.

ஜார்க்கண்டிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். தினமும் சண்டை. வெந்நீர் வரவில்லை, பக்கெட் ஒழுகுகிறது, பக்கத்து ரூமில் சத்தம். ஒருநாள் அந்தப் பக்கெட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேலேயே வைத்துவிட்டார். நானும் விடவில்லை, காலி பண்ணிவிட்டுப் போங்கள் என்று கத்தினேன். கூட்டிப் பெருக்க கஸ்பாவிலிருந்து வரும் அக்கா எல்லாம் பார்த்துவிட்டு, "இன்னா சார், அந்த ஆளு பக்கெட்டுக்கா கத்தறாரு? அந்தம்மா நாலு நாளா சோறு திங்கல சார்" என்றார். மொழி தெரியாத அக்காவுக்குத் தெரிந்தது, இந்தி பேசத் தெரிந்த எனக்குத் தெரியவில்லை. இதை இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

அதே ஆள்தான், சத்தம் போடுகிறார்கள் என்று அவர் குறைசொன்ன அதே பக்கத்து ரூமில், பங்களாதேஷிலிருந்து சின்னப் பையனோடு தனியாக வந்திருந்த தாய்க்கு வாரக்கணக்கில் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்தப் பையனுக்கு ரத்தம் தேவைப்பட்ட ராத்திரி, யாரும் கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் அவர்தான். மறுநாள் காலை என்னிடம் மறுபடி வெந்நீருக்குச் சண்டை! அதற்கப்புறம் ஆளைப் பார்த்து நல்லவர், கெட்டவர் என்று மனசுக்குள் பிரித்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். ஒரு மனுஷனுக்குள்ளேயே இத்தனை பேர் இருக்கும்போது எவரை வைத்து முடிவு பண்ணுவது?

வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவம் போட வேண்டியிருந்தது. பெயர், பாஸ்போர்ட், வந்த நோக்கம் என எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. எங்கள் லெட்ஜரிலும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. போகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் கட்டம் இல்லை.

அந்த ஜார்க்கண்ட்காரர் காலி செய்த அன்று தனியாக வந்து சாவியை வைத்தார். நான் குக்கர் வாடகையை விட்டுக் கணக்குப் போட்டேன். அவர் பில்லைப் பார்த்தார், குக்கர் எங்கே என்று விரலால் காட்டிக் கேட்டு, அதையும் சேர்த்து எண்ணி வைத்துவிட்டுப் போனார். பேரம் பேசவில்லை. எனக்கு அவர் கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

ரூமில் பாதி பாட்டில் கடுகெண்ணெயும் ஒரு பை அரிசியும் மிச்சம் இருந்தன. அக்கா எடுத்துவந்து என் மேஜைக்குக் கீழே வைத்தார். சாயங்காலம் ஹவுராவிலிருந்து ஒரு குடும்பம் வந்து, பக்கத்தில் கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. குனிந்து அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.