மேசையில் கிடக்கும் இரண்டு வரி: ஏ.டி.எச்.டி. நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) இருக்கிறதா என்று அறிய, பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துக்கொண்டு கோவைக்குச் சென்று மனநல மருத்துவரைப் பார்த்து வந்தேன். "இந்த வயசுல அதெல்லாம் எதுக்குக் கண்ணு?" என்று அம்மா கேட்டார். பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்ய, அறிகுறிகளில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் நோயறிதல் கையேடு, முந்தைய பதிப்பில் அந்த எல்லை 7 வயது. வகுப்பில் ஓடித் திரிந்த பையன்கள் ஆசிரியர் கண்ணில் பட்டார்கள். சன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் படவில்லை. என் கார்டுகளில் 'கவனம் தேவை' என்பதற்குமேல் எதுவுமில்லை. தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு ஆகியவையும் இதே போலத் தோன்றக்கூடும் என்பதால், அவற்றையும் பரிசோதித்த பிறகே, ஏ.டி.எச்.டி.தான் என்று மருத்துவர் முடிவு சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

பனியன் கம்பெனியில் நான் பார்க்கும் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசிவரை கவனித்து முடிப்பவர்) வேலை என்பது சாயம், கட்டிங், பிரிண்டிங், பேக்கிங் என ஒரே சமயத்தில் பலரைப் பின்தொடர்வது. இன்று லேப் டிப் எனப்படும் சாய மாதிரித் துணித்துண்டுகளை, நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் வைத்து, பையர் (துணி வாங்குபவர்) கேட்ட நீலத்துக்கு எது நெருக்கம் என்று பார்க்கத் தொடங்கியவள், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததுகூடத் தெரியாமல் அதிலேயே இருந்தேன். வாஷ்கேர் லேபிள் (துவைக்கும் முறை அச்சிட்ட துண்டு) தொடர்பாக அனுப்ப வேண்டிய இரண்டு வரி மெயிலோ திங்கட்கிழமையிலிருந்து கிடக்கிறது. முக்கியம் என்று தெரிந்திருப்பது மட்டும் இந்த மூளையை வேலையில் இறக்கப் போதுவதில்லை. ஆர்வமோ அவசரமோ கூட வர வேண்டும். சோம்பேறித்தனம் என்பவர்கள் காலை முழுதும் நீலத்தோடு மல்லுக்கட்டியதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? யாராவது பக்கத்தில் இருந்தால் வேலை நகரும் என்று, கடைசியில் செக்கிங் அக்காவைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். அவர் தம் பாட்டுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்க, மெயில் போய்விட்டது.

ஜூன் 11, புதன்

ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துவிட்டு, ஏ.டி.எச்.டி.க்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவான மருந்து இது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் எல்லா மெடிக்கலிலும் வைப்பதில்லை. "போதை மாத்திரையா அம்மிணி?" என்று மாமா பதறினார். மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் எடுப்பது வேறு என்று விளக்க ஒரு மாலை ஆயிற்று.

ஜூன் 12, வியாழன்

பசியே இல்லை. இனி மாத்திரைக்கு முன்பே வயிறார அரிசிம்பருப்புச் சாதம்.

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரை வேலையைத் தொடங்க உதவுகிறது. எந்த வேலையை என்று அது சொல்வதில்லை. அதற்கு ஏற்பாடுகள்தாம் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, ஆகவே நான் கேட்பது சலுகையாகத்தான் பார்க்கப்படும். இருந்தாலும் நாளை மேலாளரிடம் கேட்கிறேன்: வாய்மொழியாகச் சொல்வதையெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட வேண்டும், ஷிப்மெண்ட் தேதியோடு ஆக்சசரீஸ் (லேபிள், பட்டன் போன்றவை) வந்து சேர வேண்டிய தேதியையும் பலகையில் எழுத வேண்டும், என் மேசையைக் கட்டிங் மெஷின் சத்தத்திலிருந்து நகர்த்த வேண்டும்.