பிஎச்பியில் கோப்பைத் திறக்கும் அந்த ஓர் எழுத்து

வலைத்தளம் செய்யப் பயன்படும் நிரல்மொழியான பிஎச்பியில், கோப்பைத் திறக்கும் கட்டளையான எஃப்ஓப்பன் என்று எழுதும்போது, எந்த முறையில் திறக்கவேண்டும் என்று சொல்ல இரண்டாவதாகக் கொடுக்கிறோமே ஓர் எழுத்து, ஆர், டபிள்யூ, ஏ, எக்ஸ், சி என்று, அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். பாடம் நடத்துகிறவர்கள் அதை ஓர் அட்டவணையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இங்கே மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் கோயிலுக்கும் சங்கத்துக்கும் சின்னச் சின்னத் தளம் செய்துகொடுக்கிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள், அவர்கள் கையில் நம் மக்களின் பதிவேடுகள் இருக்கின்றன, அதனால் இதை நிதானமாகப் பேசவேண்டும்.

நான் பார்த்துக்கொள்வது எங்கள் தோட்டத்து மரண சகாய நிதியின் பதிவேடு. தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் இடிபட்டு, ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, நிதி மட்டும் நிற்கவில்லை. ஒரு வீட்டில் துக்கம் என்றால் அன்றைக்கே பணம் போய்ச் சேரவேண்டும், அதற்கு அந்தக் குடும்பத்தின் பெயரும் சந்தா கட்டிய கணக்கும் பட்டியலில் இருக்கவேண்டும். இந்த அளவுக்கு மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளம் தேவையில்லை என்பது என் கருத்து. காற்புள்ளியால் பிரித்து வரிவரியாக எழுதும் ஒரு சிஎஸ்வி கோப்பு போதும், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் செயலாளர் அதை எக்செலில் திறந்து படித்துக்கொள்வார். ஆனால் கோப்பு என்று முடிவெடுத்த பிறகு அதை எப்படித் தொடுகிறோம் என்பதில் அக்கறை வேண்டும்.

எழுதுவதற்கான டபிள்யூ முறையில் திறந்தால், நீங்கள் ஓர் எழுத்துகூட எழுதுவதற்கு முன்பே, திறந்த அந்த நொடியிலேயே கோப்பு காலியாகிவிடும். அப்புறம் எழுதப் போகும்போது, தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் கொடுத்த இடம் நிரம்பியிருந்தால்? எழுதும் கட்டளையான எஃப்ரைட் எத்தனை பைட் எழுத முடிந்ததோ அந்த எண்ணிக்கையைத் திருப்பித் தரும், இல்லாவிட்டால் முடியவில்லை என்று ஃபால்ஸ் தரும், ஆனால் பழைய பட்டியல் போனது போனதுதான், பூஜ்யம் பைட்டில் ஒரு கோப்பு மட்டும் மிச்சம். புதிய வரி சேர்க்க மட்டும் வேண்டும் என்றால் ஏ முறை. தோட்டத்துக் கணக்கரான கிராணி, காலைப் பெரட்டில் வேலைக்கு வந்து நிற்பவர்களை செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த வரியில் எழுதிக்கொண்டே போவாரே, அதே மாதிரி, இருப்பதைத் தொடாமல் கடைசியில் சேர்க்கும். சந்தா வரவு, புதிய உறுப்பினர் எல்லாம் இதிலேயே முடிந்துவிடும். ஒரே வரியில் எழுதி முடிக்கும் ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ் பயன்படுத்துகிறவர்கள், கடைசியில் சேர்க்கச் சொல்லும் ஃபைல்_அப்பெண்ட், பூட்டச் சொல்லும் லாக்_இஎக்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

பூட்டு விஷயம் இன்னும் நுணுக்கமானது. பொருளாளர் வீட்டிலிருந்து ஒரு வரவைப் பதிகிறார், அதே நேரம் செயலாளர் ஒரு முகவரியைத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்க வைக்கும் பூட்டான எஃப்லாக் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் டபிள்யூவில் திறந்துவிட்டு அதற்குப் பிறகு பூட்டுகிறார்கள், ஆனால் திறந்தபோதே கோப்பு காலியாகிவிட்டதே, பூட்டி என்ன பயன்? இதற்காகத்தான் பிஎச்பி 5.2.6இல் சி முறையைக் கொண்டுவந்தார்கள். அது இருப்பதை அழிக்காமல் திறக்கும். திருத்தும்போது படிக்கவும் வேண்டுமே, அதனால் சி-யுடன் கூட்டல் குறியும் சேர்த்துத் திறங்கள். முதலில் பூட்டு, பிறகு படி, அதன் பிறகு எஃப்ட்ரன்கேட் கொண்டு காலியாக்கு, ரீவைண்ட் கொண்டு தொடக்கத்துக்குப் போ, எழுது, கடைசியில் மூடு, இதுதான் வரிசை. இன்னொன்றும் உண்டு: லினக்ஸில் எஃப்லாக் ஒரு மரியாதைப் பூட்டு மட்டுமே, பூட்டைக் கேட்காமலே படிக்கிற நிரலை அது தடுக்காது.

ஆகவே முழுப் பட்டியலையும் திருத்தி எழுதும்போது நான் இன்னொரு படியும் சேர்த்துக்கொள்கிறேன். பூட்டுக்கென்று தனியாக ஒரு கோப்பை வைத்து அதைப் பூட்டியபின், பட்டியல் இருக்கும் அதே ஃபோல்டரில் டெம்ப்நேம் மூலம் ஒரு தற்காலிகக் கோப்பு உண்டாக்கி, எல்லாவற்றையும் அதில் எழுதி, எழுதிய பைட் எண்ணிக்கை சரிதானா என்று பார்த்து, அதன் பிறகுதான் ரீநேம், அதாவது பெயர் மாற்றம், செய்து பழையதன் இடத்தில் வைப்பது. லினக்ஸ் சர்வரில் ஒரே வட்டுப் பகுதிக்குள் ரீநேம் ஒரே அடியில் நடக்கும், அந்த நேரத்தில் படிக்கிறவருக்குப் பழைய பட்டியல் முழுதாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் புதியது முழுதாகக் கிடைக்கும், பாதி என்பது இல்லை. நடுவில் இடம் தீர்ந்தாலும் நிரல் செத்தாலும் பழையது அப்படியே இருக்கும். டெம்ப்நேம் கோப்பை, உரியவர் மட்டும் படித்து எழுதக்கூடிய 0600 அனுமதியோடு உண்டாக்குவதால், வேறு பயனராக ஓடுகிற நிரலும் படிக்கவேண்டியிருந்தால் ரீநேமுக்கு முன் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கொண்டு, மற்றவர் படிக்க மட்டும் விடுகிற 0644 போடுங்கள். படிக்க முடியவில்லை என்றதும் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தருகிற 0777 கொடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

படிப்பது இதைவிட எளிது. ஃபைல்() முழுவதையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் இழுத்துவிடும், நம் பட்டியலுக்கு அது போதும், பல வருட வரவுப் பதிவு என்றால் எஃப்கெட்சிஎஸ்வி கொண்டு வரிவரியாகப் போங்கள். எஃப்ஓப்பன் ஃபால்ஸ் தந்ததா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். பிஎச்பி 8 அங்கேயே டைப்எரர் என்ற பிழையை எறிந்து நிறுத்திவிடுகிறது, நல்லதுதான், பழைய பதிப்புகளில் கோப்பு முடிந்ததா என்று எஃப்இஓஎஃப் கொண்டு கேட்கிற சுற்று முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழுக்கு வருவோம். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், எழுத்தானாலும் அதன் மேல் வரும் புள்ளி, கால் போன்றவையானாலும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'அம்மா' என்று எழுதி, பைட்டை எண்ணும் எஸ்டிஆர்லென் கேட்டால் 15 வரும், குறிகளை எண்ணும் எம்பி_எஸ்டிஆர்லென் 5 என்று சொல்லும், நாம் எண்ணுகிற மாதிரி 3 வேண்டும் என்றால் கிராஃபீம்_எஸ்டிஆர்லென்தான். எஃப்ரீடில் 8192 பைட் என்று துண்டு போட்டுப் படிக்கிறவர்கள் கவனியுங்கள், 8192 மூன்றால் வகுபடாது, தமிழாகவே போகிற ஒரு கோப்பில் முதல் துண்டே ஓர் எழுத்தின் நடுவில் அறுபடும். வரிவரியாகப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை.

எக்செலுக்குக் கொடுக்கும் பிரதியில் இது யூடிஎஃப்-8 என்று காட்டும் பிஓஎம் குறியை முதல் மூன்று பைட்டாக எழுதினால்தான் பெயர்கள் தமிழில் ஒழுங்காகத் தெரியும். அதே கோப்பை நிரலில் திரும்பப் படிக்கும்போது அந்த மூன்று பைட்டையும் நீக்கவேண்டும், இல்லையென்றால் முதல் நெடுவரிசையின் தலைப்பு எதனோடும் பொருந்தாது. ஐசி எனும் அடையாள அட்டை எண்ணைப் பன்னிரண்டு இலக்கமாக ஒட்டி எழுதினால் எக்செல் அதைக் கணக்கு எண்ணாக நினைத்து ஈ போட்டுச் சுருக்கிவிடும், எண் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குவதால், 2005இல் பிறந்த பிள்ளை என்றால் முன்னால் இருக்கும் பூஜ்யமும் காணாமல் போகும். அட்டையில் இருப்பது போலவே நடுவில் கோடு போட்டு, பேராக்கில் பிறந்தவருக்கு மாநிலக் குறியான 08 தனியாக நிற்கிற மாதிரி எழுதினால் எழுத்தாகவே இருக்கும்.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் பெயர்களில் இன்னாரின் மகன் எனும் ஏ/எல், இன்னாரின் மகள் எனும் ஏ/பி இருக்கிறது. உறுப்பினர் பெயரையே கோப்புப் பெயராக்கினால் அந்தச் சாய்கோடு லினக்ஸுக்கு ஃபோல்டர் பிரிக்கும் குறி, 'முனியாண்டி ஏ' என்று ஒரு ஃபோல்டரைத் தேடிவிட்டு அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து வேண்டுமென்றே அனுப்புகிற ஆள் வேறு எந்த ஃபோல்டருக்கும் போய்விடலாம். எனவே பெயர் உள்ளே இருக்கட்டும், கோப்புக்கு உறுப்பினர் எண் போதும்.

இறப்புச் சான்றிதழைப் போனில் படம் பிடித்து அனுப்புகிற வசதி வைத்தால், பிஎச்பியின் இயல்பு வரம்பு 2 எம்பி என்பதை ஞாபகத்தில் வையுங்கள். இப்போதைய போன் படங்கள் பல அதைத் தாண்டும், பிழை எண் 1 வரும். 8 எம்பியையும் தாண்டினால் படிவமே வெறுமையாக வந்து சேரும், எதனால் என்று தெரியாமல் துக்க வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். வரம்பைக் கூட்டுங்கள், பிழையைத் தமிழில் தெளிவாகக் காட்டுங்கள்.

இவ்வளவு ஐசி எண்ணும் சான்றிதழும் இருக்கிற ஃபோல்டர், இணையத்தில் யாரும் திறக்கக்கூடிய பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு உள்ளே இருக்கவே கூடாது. அதற்கு ஒரு படி மேலே வைத்து, நிரல் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் __டிஐஆர்__ கொண்டு பாதையைக் குறிப்பிட்டு, உள்நுழைந்தவருக்கு மட்டும், கோப்பைப் படித்து அனுப்பும் ரீட்ஃபைல் மூலம் கொடுங்கள்.