நடுவர் வாய் திறக்கக்கூடாது

ஜனவரி 4

ஏழாவது ஆளும் கிடைத்துவிட்டார். மின்னஞ்சலில் டிப்ளமசி ஆடப் போகிறோம்; ஐரோப்பிய வரைபடத்தின்மேல் ஆளுக்கொரு நாடாகப் படை நகர்த்தி, பேரம் பேசி ஆடும் பலகை ஆட்டம் அது. அதற்கு ஏழு பேர் வேண்டும்; ஆறு பேர் கிடைத்தபிறகு ஏழாவது ஆளைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சீட்டுக் குலுக்கி நாடுகளைப் பிரித்தேன். ஆஸ்திரியா கிடைத்தவர் அனுப்பிய ஒரே வரி: "நான் அப்படி என்ன பாவம் செய்தேன்?"

நான் ஆடவில்லை, நடுவர். வாரம் ஒரு பருவம்: 1901 வசந்தம், பிறகு இலையுதிர், பிறகு படை சேர்க்க மூன்று நாள். பலகையில் 34 சப்ளை சென்டர்கள், அதாவது பிடித்தால் ஆளுக்கு ஒரு படை வைத்துக்கொள்ள உதவும் இடங்கள்; அவற்றில் 18 யார் கைக்கு வருகிறதோ அவர் வென்றார். இந்தக் கணக்கில் பத்து ஆட்ட வருடம் ஓட ஆறு மாதம் ஆகும். அஞ்சலில் ஆடிய காலத்தோடு பார்த்தால் இது மின்னல் வேகம். 1963லிருந்தே இதைத் தபாலில் ஆடியிருக்கிறார்கள். ஆட்டத்தை உருவாக்கிய ஆலன் கால்ஹேமரே பின்னாளில் தபால்காரராக வேலை பார்த்தவர். இதை நான் கற்பனையாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள்.

ஜனவரி 6

விதிமடல் அனுப்பினேன். பலகையின் விதிகள் எல்லாருக்கும் தெரியும். இது மின்னஞ்சலுக்கான விதி. ஒருவருக்கொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். பிறர் எழுதிய மடலைத் திருத்தி இன்னொருவருக்கு அனுப்பலாம். நடுவரிடம் பொய் கூடாது. நடுவர் பெயரில் மடல் அனுப்பினால் ஆட்டத்திலிருந்து வெளியே.

திருத்திய மடலை அனுமதித்தது சரியா என்று பிரான்ஸ் கேட்டார். தடுக்க வழியில்லாததைத் தடை செய்து என்ன பயன் என்று பதில் எழுதினேன். (அவர் கேட்ட தோரணையைப் பார்த்தால் ஏற்கெனவே ஒன்றைத் திருத்திவிட்டார் போலிருக்கிறது.)

ஜனவரி 17

முதல் முடிவு போயிற்று. ஏழு பேரும் ரகசியமாக எனக்கு அனுப்பும் எல்லா ஆணைகளும் ஒரே நேரத்தில் நடப்பதாகக் கொள்வதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். பகடை கிடையாது. சம பலத்தில் இருவர் ஒரே இடத்துக்குப் போனால் இருவரும் முட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்பார்கள்.

ரஷ்யாவும் துருக்கியும் கருங்கடலுக்குக் கப்பல் அனுப்புவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒப்பந்த மடலை இருவருமே பெருமையாக எனக்கு நகல் போட்டிருந்தார்கள். இருவருமே அனுப்பினார்கள். முட்டிக்கொண்டார்கள். கோபத்தில் ரஷ்யா எழுதிய மடலுக்கும் துருக்கி எழுதிய மடலுக்கும் பெயரைத் தவிர வித்தியாசம் தெரியவில்லை.

ஜனவரி 24

இன்று தப்பு என் மேல். கெடு "வெள்ளி நள்ளிரவு 12" என்று எழுதியிருந்தேன். வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? நான் நினைத்தது முந்தையது, துருக்கி நினைத்தது பிந்தையது. முடிவை எல்லாருக்கும் அனுப்பிய மூன்று மணி நேரம் கழித்து அவருடைய ஆணைகள் சாவகாசமாக வந்து சேர்ந்தன.

ஆணை வராத நாட்டின் படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். பல்கேரியாவில் ஏற்கெனவே படை இருந்ததால் அந்த ஒரு சென்டர் மட்டும் அவருக்குக் கிடைத்தது. கருங்கடலில் ரஷ்யக் கப்பல் தடையின்றி நுழைந்துவிட்டது. முடிவைத் திரும்பப் பெறலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். ஏழு பேரும் படித்தாயிற்று. இனி எதை மாற்றினாலும் பிறர் ஆணையைப் பார்த்துவிட்டு ஆடியதாகத்தான் ஆகும். மன்னிப்புக் கேட்டேன், முடிவை மாற்றவில்லை. இனி கெடு 23:59, உலகப் பொது நேரம். "நள்ளிரவு" என்ற சொல்லையே விதிமடலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜனவரி 27

படை சேர்ப்பு. ரஷ்யா "செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கப்பல்" என்று மட்டும் எழுதினார். அங்கே வடகரை, தென்கரை என்று இரண்டு உண்டு. எந்தக் கரை என்று கேட்டேன், தென்கரை என்றார். கெடுவுக்கு முன்னால் வந்த எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டலாம், யோசனைப் பிழையைச் சொல்லக்கூடாது. இதுதான் என் கொள்கை.

பிப்ரவரி 5

கொள்கை பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

நிலவரம் இது: வியன்னாவில் ஆஸ்திரியப் படை தனியாக நிற்கிறது. அதை ஒட்டிய கலீசியாவிலும் புடாபெஸ்டிலும் ரஷ்யர்கள். இன்னொரு பக்கம் டைரோலியாவில் இத்தாலி. ரஷ்யா ஒரு படையின் ஆதரவோடு இன்னொன்றை ஏவினால் பலம் இரண்டு. இத்தாலி வியன்னாவுக்குத் துணை நின்றால் அதற்கும் இரண்டு, வியன்னா தப்பிக்கும். துணை நிற்பதாக இத்தாலி வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆஸ்திரியா அதைக் கண்ணீர் மல்க எனக்கும் நகல் போட்டிருக்கிறார்.

இன்று இத்தாலியின் ஆணை வந்தது: "டைரோலியா, வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் செல்லும் படைக்கு ஆதரவு." டைரோலியாவுக்கும் புடாபெஸ்டுக்கும் எல்லையே கிடையாது. போக முடியாத இடத்துக்கு ஆதரவும் தர முடியாது, ஆணை செல்லாது. எழுத்துப் பிழைதானே என்று உடனே சுட்டிக்காட்டினேன்.

பத்து நிமிடத்தில் பதில்: "தெரிந்துதான் எழுதினேன். விட்டுவிடுங்கள்."

அப்போதுதான் உறைத்தது. வாக்கு மீறியதாகவும் ஆகாது, ஆதரவும் கிடைக்காது. "ஐயையோ, தப்பாக எழுதிவிட்டேன்" என்று கையைப் பிசையலாம். என்னையே கேட்டால், எதிர்த்துத் தாக்குவதைவிட இது மோசம். ஆனால் விதிக்குள்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6

ஆஸ்திரியாவிடமிருந்து: "இத்தாலியின் ஆணை வந்துவிட்டதா? அதை மட்டும் சொல்லுங்கள் போதும்."

அதை மட்டும்கூடச் சொல்லக்கூடாது. வந்தது, வரவில்லை என்பதே ஒரு சேதி. "உங்கள் ஆணை வந்து சேர்ந்தது" என்று மட்டும் எழுதினேன். வெறும் "வியன்னா நிற்கட்டும்" என்பதுதான் அவர் ஆணை. வாக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 8

வியன்னா விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. முடிவில் இத்தாலியின் ஆணைக்குப் பக்கத்தில் "செல்லாது" என்று எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்கியது.

மேற்கே பிரான்சும் ஜெர்மனியும் பர்கண்டியில் முட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்து நார்வேயிலேயே இருக்கிறார். இன்று அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

பிப்ரவரி 9

ஆஸ்திரியா என்மேல் பாய்ந்திருக்கிறார். "கரை எழுத மறந்த ரஷ்யாவுக்கு நினைவூட்டினீர்கள். பாவம், இத்தாலி அவசரத்தில் தப்பாக எழுதியதை ஏன் சொல்லவில்லை?" கரை விஷயத்தை ரஷ்யாவே அவரிடம் சொல்லியிருப்பார். நியாயமான கேள்வி. சொன்னேன் என்று சொன்னால் இத்தாலியைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லவில்லை என்றால் பொய். "செல்லாத ஆணைகள் பற்றிய நடுவரின் மடல்கள் வெளியே போகாது" என்று எழுதிவிட்டு, இனி எந்தப் பிழையையும் யாருக்கும் சுட்டிக்காட்டப் போவதில்லை என்று விதிமடலில் ஒரு வரி சேர்த்தேன்.

இரவு இத்தாலி ஆஸ்திரியாவுக்கு எழுதிய ஆறுதல் மடலின் நகல் வந்தது. முழுக்க வருத்தம். கடைசி வரி: "நடுவர் கொஞ்சம் கவனித்திருக்கலாம்."

பிப்ரவரி 10

வியன்னாவிலிருந்து துரத்தப்பட்ட படைக்குப் பின்வாங்க இரண்டே இடங்கள்தான். தாக்கியவர் வந்த கலீசியா ஆகாது. புடாபெஸ்டிலும் டைரோலியாவிலும் ஆள் இருக்கிறது. மிச்சம் பொஹீமியா, ட்ரியெஸ்ட். ட்ரியெஸ்டின் கப்பல் போன வருடமே அல்பேனியாவுக்குப் போய்விட்டதால் அது காலி.

கெடுவுக்கு இருபது நிமிடம் முன்னால் ஆணை வந்தது: "பொஹீமியா." கீழே ஒரு குறிப்பு: இத்தாலியிடம் கலந்து பேசி எடுத்த முடிவாம்.

ஆணை வந்து சேர்ந்தது என்று பதில் போட்டேன்.