வியட்நாமுக்கு இரண்டு பேர் போதும்

வடக்கு வியட்நாமில் உள்ள டாம் கோக்கில் ஆற்றுப் படகில் பயணிகள் இரண்டு பேர்தான் உட்கார முடியும். பின்னால் உட்கார்ந்து காலால் துடுப்பு வலிக்கும் படகுக்கார அம்மாவைச் சேர்த்தால் மூன்று. இரு கரையிலும் வயல், வயலுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை, நடுவே வளைந்து போகிற ஆறு மூன்று குகைகளுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ போனால் நெல் பழுத்து மஞ்சளாக நிற்கும். அந்த நேரத்தில் இதைவிட அழகான இரண்டு மணி நேரம் அந்த நாட்டில் கிடைக்காது. பன்னிரண்டு பேராக வருகிற குழு ஆறு படகில் பிரிந்து போகிறது, திரும்பி வந்து கடைசிப் படகுக்காகக் கரையில் காத்து நிற்கிறது. நெருங்கிய நண்பர் ஒருவரோடு போனால் ஒரே படகு, காத்திருப்பு இல்லை. நெல் இல்லாத மாதமென்றால் பக்கத்திலுள்ள ட்ராங் ஆன் போங்கள். அங்கே படகுக்கு நான்கு பேர், வேறு இருவரை உங்களோடு ஏற்றுவார்கள். சுற்று மூன்று மணி நேரம் வரை போகும்.

வியட்நாம் இருவருக்கென்றே அளந்து வைத்த நாடு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த அளவு சரியாக உட்கார, கிளம்புமுன் சில விஷயங்களைப் பேசி முடித்தாக வேண்டும்.

முதலில் விசா. இணையவழி விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 90 நாள் வரை செல்லும். ஆளுக்கொரு விண்ணப்பம். ஒருவரே உட்கார்ந்து இருவருக்கும் நிரப்பும்போதுதான் தப்பு நடக்கிறது: முதல் படிவத்தைப் பார்த்து இரண்டாவதை அடிக்கையில் பிறந்த தேதியோ பாஸ்போர்ட் எண்ணோ மாறிவிடும். கட்டிய பணம் திரும்பாது, தப்பான விசாவோடு போனால் சென்னையிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். நம் ஊர்ப் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இனிஷியல் விரிந்திருக்கிறதா என்று பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரியைப் பார்த்து அப்படியே அடியுங்கள். அவரவர் படிவத்தை அவரவர் நிரப்பி, மற்றவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது கட்டில். அறை பதியும்போது ‘டபுள்’ என்றால் ஒரு பெரிய கட்டில், ‘ட்வின்’ என்றால் இரண்டு தனிக் கட்டில். ஹனோய் பழைய நகரத்துச் சின்ன ஹோட்டல்களில் ட்வின் அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிந்த பிறகு ஹோட்டலுக்கு ஒரு செய்தி அனுப்பி எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹா லாங் வளைகுடா கப்பலிலும் இதே கேள்வி வரும். அங்கே தனியாகப் போகிறவர் பெரும்பாலும் கேபினுக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும், இருவர் போனால் அந்தச் செலவு இல்லை.

இனி பஸ். இரவு ஸ்லீப்பர் பஸ்ஸை மலிவு என்று நம்பி ஏறுகிறவர்கள் படும் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண ஸ்லீப்பரில் மூன்று வரிசை, மேலும் கீழும் படுக்கை. முன்னால் படுத்திருப்பவரின் தலைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும், உங்கள் கால் அதற்குள் போக வேண்டும். ஐந்தடி ஏழங்குலத்துக்கு மேல் உயரமென்றால் இரவு முழுக்க முழங்கால் மடக்கம்தான். ‘இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம்’ என்று கேட்டால் பின்கடைசியில் ஐந்து படுக்கை ஒட்டியிருக்கும் வரிசையைக் கொடுப்பார்கள். அதை வாங்காதீர்கள். குலுக்கல் அங்கேதான் அதிகம், முன்பின் தெரியாதவரின் தோளும் ஒட்டும். பஸ்ஸில்தான் போவேன் என்றால் இரண்டே வரிசையுள்ள கேபின் பஸ், கீழ்ப் படுக்கை, நடுப்பகுதி. ஏறும்போது செருப்பைக் கழற்றிப் பையில் போடச் சொல்வார்கள். விடியற்காலை நாலரைக்கு ஊருக்கு வெளியே இறக்கிவிட்டால், அங்கே நிற்கும் ஓட்டுநர்கள் வாய்க்கு வந்த கூலியைக் கேட்பார்கள்.

ஹனோயிலிருந்து நடு வியட்நாமில் உள்ள ஹுவேக்கு ரயில் எவ்வளவோ மேல். நேரம் பதிமூன்று, பதினான்கு மணி ஆகும். மெத்தைப் படுக்கை வகுப்பில் அறைக்கு நான்கு படுக்கை. இருவரும் ஒரே பக்கத்தில் கீழொன்று மேலொன்றாக எடுங்கள்: பகலில் இருவரும் கீழே உட்காரலாம், மேல் படுக்கை விலையும் குறைவு. ஹுவேயிலிருந்து டா நாங் போகும்போது கட்டாயம் பகல் ரயில், இடப்பக்க ஜன்னல். ஹாய் வான் கணவாயில் கீழே கடல் தெரிவது அந்தப் பக்கம்தான்.

பைக் வாடகைக்கு எடுக்கும் ஆசை இருந்தால் ஒன்று. இந்தியாவில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தை. ஆகவே அது அங்கே செல்லாது. கடைக்காரர் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார், ஆனால் விழுந்து அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், பின்னால் உட்கார்ந்த நண்பருக்கும் சேர்த்துப் பிரச்சினை. நகருக்குள் கிராப் போதும், நம் ஊர் ஓலா, ஊபர் மாதிரி கைபேசியில் வண்டி கூப்பிடும் செயலி அது. கிராப் பைக்கில் ஒருவர்தான் ஏறலாம், இருவருக்கு இரண்டு பைக் கூப்பிட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சில நேரம் கார் கட்டணத்தை நெருங்கிவிடும், பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் பேரம் பேசும்போது ஓட்டுபவர் ‘இரண்டு லட்சம்’ (வியட்நாம் பணமான டோங்கில்) என்பார், இறங்கும்போது ‘ஆளுக்கு’ என்பார். இருவராகப் போகிறவர்களைக் குறிவைத்தே நடக்கும் வேலை இது. ஏறுமுன் கைபேசியில் தொகையை அடித்து, இரண்டு விரலைக் காட்டி, மொத்தம் இவ்வளவுதான் என்று தலையாட்ட வைத்துவிட்டு ஏறுங்கள்.

பணத்துக்கு ஒரு பொதுப் பை வையுங்கள். ஆளுக்கு 20 லட்சம் டோங் போட்டு, அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் அதிலிருந்து. குறைந்தால் இருவரும் சமமாக மறுபடி போடுவது. பீர், துணிமணி அவரவர் காசு. ரூபாய்க் கணக்குக்கு மூன்று சைபரை வெட்டி மூன்றரையால் பெருக்கினால் ஏறத்தாழ வந்துவிடும்: 45,000 டோங் என்றால் சுமார் 160 ரூபாய். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில் மாற்றிக் கொடுத்தால் ஒரே நொடியில் ஒன்றரை ஆயிரம் ரூபாய்க்கு மேல் போச்சு. பெரிய நோட்டைப் பொதுப் பையில் போடாமல் தனியே வையுங்கள்.

ஒருவர் சைவமாக இருந்தால் சண்டை சாப்பாட்டில்தான் தொடங்கும். ‘சாய்’ என்று உச்சரிக்கும் பலகையுள்ள கடை சைவம். மற்ற கடைகளில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விழும். ஹனோயில் அசைவக்காரர் பூன் சா சாப்பிடட்டும்: கரியில் சுட்ட பன்றி இறைச்சி, அரிசி நூடுல்ஸ், ஒரு தட்டு பச்சிலை. முட்டை சாப்பிடும் சைவக்காரர் அந்த நேரத்தில் முட்டைக் காபி கடையில் இருக்கலாம்.

பத்து நாளில் அரை நாளாவது பிரிந்து நடக்க வேண்டும், அதற்கு ஹோய் அன் பொருத்தமான ஊர். ஒருவர் தையல்கடையில் அளவு கொடுக்க, மற்றவர் சைக்கிளில் ஆன் பாங் கடற்கரைக்குப் போய்வரலாம். ஆளுக்கொரு சிம் வேண்டும், ஒருவர் ஹாட்ஸ்பாட்டை நம்பி மற்றவர் இருக்கக் கூடாது. சந்திக்கும் இடமாக ஜப்பானியப் பாலத்தைச் சொல்லாதீர்கள். 20,000 நோட்டில் அச்சிட்டிருக்கும் அதே பாலம்தான், மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே கால் வைக்க இடமிருக்காது. சந்தைக்குள் காவ் லாவ் என்ற அந்த ஊர் நூடுல்ஸ் விற்கும் கடை ஒன்றைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருபவர் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம்.