ஓட்டுக்கு அடியில் இருப்பவள்

அக்டோபர் 11

போன கோடையில் வீட்டைப் பிரித்துத் தளம் போட்டபோது இறக்கி வைத்த சீமை ஓடுகள் இன்னும் கிணற்றடியில்தான் கிடக்கின்றன. பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுக்க ஒன்று எடுக்கலாம் என்று போனேன். தரையோடு ஒட்டிக் கிடந்த ஓட்டைப் புரட்டியதும் அடிப்பக்கத்தில் வெள்ளை நூலால் ஒரு பை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே கருகருவென்று ஒரு சிலந்தி. வெளிச்சம் பட்ட மறுநொடி பையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து, அடுத்த ஓட்டுக்கு அடியில் புகுந்துவிட்டது.

கண்ணில் நின்றது இவ்வளவுதான்: புழுங்கல் அரிசி ஒன்றரை மணி நீளம், சாந்துப்பொட்டு மாதிரி பளபளக்கும் கறுப்பு, வயிற்றின் கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்னக் குழாய்கள்.

"கைய வைக்காதே, எட்டுக்கால் பூச்சி மேல பட்டா கொப்புளம் போடும்" என்று அம்மா திண்ணையிலிருந்தே சத்தம் போட்டார். ஓட்டை இருந்த இடத்திலேயே இருந்தபடி வைத்துவிட்டு வந்தேன். தொட்டிக்குச் செங்கல் போதும்.

அக்டோபர் 12

அந்த இரண்டு குழாய்கள்தான் அடையாளம். நாஃபோசிடே என்று ஒரு குடும்பம், தரைச்சிலந்திகள். உலகம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. மற்ற பல சிலந்திகளுக்கு நூல் வரும் குழாய்கள் கூம்பாக, ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும். இவற்றுக்கு முன்வரிசைக் குழாய்கள் இரண்டும் உருளையாக, நடுவில் இடைவெளி விட்டு, வெளியே தெரிகிற மாதிரி நீண்டிருக்கும்.

சிலந்தி என்றாலே நமக்கு வலைதான். திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இது வலையே பின்னாத கூட்டம். பகலெல்லாம் நூல் பையில் படுத்திருக்கும். இருட்டியதும் எழுந்து நடந்து போய் இரை பிடிக்கும்.

கண்களும் தனி மாதிரி. எட்டில், பின்வரிசையின் நடுக்கண்கள் இரண்டும் பல இனங்களில் வட்டமாக இருக்காது. சாய்ந்த முட்டை வடிவத்தில், வெள்ளி பூசினாற்போல் இருக்கும். டிராசோடஸ் குப்ரியஸ் என்ற தரைச்சிலந்தியை எடுத்து ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று அந்தக் கண்கள் எதற்கு என்று சொன்னது. அவை உருவத்தைப் பார்ப்பதற்கான கண்களே அல்ல. அந்தி வானத்தின் ஒளி எந்தத் திசையில் முனைவாகி, அதாவது ஒரே தளத்தில் அதிர்ந்து, வருகிறது என்று பார்த்து, வீட்டுக்குத் திரும்பும் வழியைக் கணிக்கும் திசைகாட்டி. தலையிலேயே திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஒரு பூச்சி கிணற்றடியைச் சுற்றிவருகிறது என்று நினைத்து இன்று சாயங்காலம் வானத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது சிவப்பும் சாம்பலும்தான்.

அக்டோபர் 19

அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான். எட்டாவது படிக்கிறான். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு இரண்டு பேரும் கிணற்றடியில் குந்தினோம். ஒரு மணி நேரம் கொசுக்கடி. அப்புறம் அவன்தான் பார்த்தான்.

"சித்தி, அங்க பாருங்க, ரெண்டு இருக்கு."

ஒன்று நம்மவள். எதிரே ஓர் ஓநாய்ச்சிலந்தி. உருவத்தில் அவளைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம். கடிக்கப் போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கடிக்கவில்லை. எதிரியைச் சுற்றி ஓடினாள். வயிற்றை அதன் பக்கமாகத் திருப்பி, பின்னாலிருந்து நூலைப் பட்டையாக இழுத்து அதன் கால்மேல் போட்டாள். இரண்டு கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அது இழுத்துப் பார்த்தது. அதற்குள் மறுபக்கம் ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் ஓநாய்ச்சிலந்தியின் வாயும் முன்கால்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒட்டிப்போயின. அதற்குப் பிறகுதான் நிதானமாகப் பக்கத்தில் போய்க் காலின் அடியில் கடித்தாள். எல்லாம் நான் மூச்சு விட்டு வாங்குவதற்குள்.

"பசை டேப் போட்டு ஒட்டுற மாதிரி இருக்கு சித்தி" என்றான் பையன். உண்மையில் அதேதான். 2017-ல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் விளக்குகிறது. மற்ற சிலந்திகள் நூலின் நுனியைச் சுவரிலோ இலையிலோ ஒட்டவைக்க ஒரு பசைநூல் வைத்திருக்கின்றன. தரைச்சிலந்திகளில் அந்தச் சுரப்பிகள் பெருத்துப்போய், பசைநூலே ஆயுதமாகிவிட்டது. தன்னைவிடப் பெரிய சிலந்தியைக்கூட இதனால் கட்டிப்போட முடியும். அதற்கு விலையும் உண்டு: மற்றவை மாதிரி நூலை ஓர் இடத்தில் உறுதியாக ஒட்டும் திறமை இவற்றுக்குக் குறைந்துபோனது. அந்தப் பெரிய குழாய்கள் எதற்கு என்ற கேள்விக்கு, எட்டு நாள் கழித்து, டார்ச் வெளிச்சத்தில் பதில் கிடைத்தது.

அக்டோபர் 27

நாஃபோசிடே குடும்பத்தின் பெயருக்கு மூலமான நாஃபோசா என்ற பேரினப் பெயரை 1804-ல் வைத்தவர் பியர் ஆந்த்ரே லத்ரேய். பிரான்சில் பாதிரியாருக்குப் படித்தவர். புரட்சிக் காலத்தில் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காத பாதிரிகளைப் பிடித்து அடைத்தார்கள். 1793-ல் இவரும் உள்ளே போனார். சிறைக்கு வந்த மருத்துவர் ஒருநாள் பார்த்தபோது, இவர் தரையில் ஒரு வண்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அரிய வண்டு என்று விளக்கினார். மருத்துவருக்கு அது மனதில் பட்டது. பதினைந்து வயதுப் பையன் ஒருவனிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் இயற்கையியலாளராகப் பேர் வாங்கிய போரி த சேன் வின்சென்ட். அவன் சொல்லி, தெரிந்தவர்கள் முயன்று, லத்ரேய் விடுதலையானார். கூட அடைபட்டிருந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள்.

வண்டின் பெயர் நெக்ரோபியா ரூஃபிகாலிஸ். அதன் நெருங்கிய உறவு ஒன்று நம் ஊர்க் கருவாட்டிலும் கொப்பரையிலும் வரும், நீலமாக மின்னும். அம்மா முறத்தில் கருவாட்டைத் தட்டும்போது உதிர்வது அதுவாகத்தான் இருக்கும்.

சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த இடத்திலும் தரையில் ஊர்வது எது என்று ஒரு மனிதன் குனிந்து பார்த்திருக்கிறான். இன்று முழுக்க வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

நவம்பர் 2

அடைமழை. கிணற்றடியில் கணுக்கால் தண்ணீர். ஓட்டைத் தொடவில்லை.

நவம்பர் 8

மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். ஓடு மேட்டில் இருந்ததால் அடிப்பக்கம் நனையவில்லை. பை பெரிதாகியிருந்தது. உள்ளே ஓட்டோடு ஒட்டி வட்டமாக ஒரு தகடு, லேசான ரோஜா நிறம், சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே அந்தத் தாள் மாதிரி மொடமொடப்பு. நடுவில் புடைப்பு. முட்டைப்பை. அவள் எட்டுக் காலையும் அகட்டி அதன்மேல் படுத்திருந்தாள். இந்த முறை ஓடவில்லை. ஓட்டை நான் மூச்சுக் காட்டாமல் இறக்கினேன்.

நவம்பர் 16

பேர் வைத்தவர்களைத் தேடிப்போனதில் ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கமே கொண்டுவந்து விட்டார். அதை எழுதாமல் தூக்கம் வராது.

நாஃபோசா ஸ்டோலிக்ஸ்கை என்று ஒரு தரைச்சிலந்தி. 1885-ல் பேர் வைத்தவர் ஆக்டேவியஸ் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பிளாக்ஸ்வொர்த் என்ற சிற்றூரின் பாதிரியார். ஊரைவிட்டு அதிகம் நகராமல், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த சிலந்திகளைத் தன் மேசையில் வைத்துப் பார்த்தவர். பெயருக்கு உரியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. மொராவியாவில் 1838-ல் பிறந்தவர். கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. 1873-ல், இன்றைய சீனாவின் மேற்கில் இருக்கும் யார்கண்டுக்குப் போன அரசுத் தூதுக்குழுவோடு கிளம்பினார். போகிற வழியெல்லாம் பறவை, நத்தை, சிலந்தி என்று சேகரித்தார். திரும்பும்போது காரகோரம் கணவாயைத் தாண்டி, உயர்ந்த மலையில் உடம்பு முடியாமல் போய், 1874 ஜூன் 19 அன்று இறந்தார். முப்பத்தாறு வயது. லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அவர் பிடித்த சிலந்திகள் கடல் தாண்டிப் பிளாக்ஸ்வொர்த் போய், பதினோரு வருஷம் கழித்து அச்சில் வந்தன.

இந்த ஸ்டோலிக்ஸ்கா கல்கத்தாவில் பார்த்த பெரிய வேலை என்ன தெரியுமா? தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் கால உயிர்களைப் பற்றிய நான்கு தொகுதிகள். அரியலூர், திருச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் இருந்து எடுத்துப்போன கடல் நத்தைகள், சிப்பிகள், சுருள் ஓட்டுக் கடலுயிர்களான அம்மோனைட்டுகள். ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முன்னால் இங்கே கடல் இருந்தது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்த நாளில் எடுத்துவந்த கல்நத்தை ஒன்று இன்றைக்கும் அலமாரியில் இருக்கிறது; சுருட்டி வைத்த பாம்பு மாதிரி, ஒரு பக்கம் உடைந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்த மாதிரிக் கல்லைப் பார்த்துப் பார்த்து வரி எண்ணிய அதே கண், 1869-ல் இந்தியச் சிலந்திகளைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறது.

முப்பத்தாறு வயதுக்குள். எனக்கு நாற்பத்தொன்று.

நவம்பர் 22

என் படங்களை ஒரு சிலந்தி ஆய்வாளருக்கு அனுப்பியிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார். தரைச்சிலந்திகளில் ஸீலோட்டஸ் என்ற பேரினமாகவோ அதற்கு நெருங்கியதாகவோ இருக்கலாம். அதற்கு மேல் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கறுப்பு, பளபளப்பு எல்லாம் பத்து இனத்துக்குப் பொருந்தும். பெண்ணின் வயிற்றடியில் இருக்கும் இனப்பெருக்கத் தகட்டையும், ஆணின் வாயருகே இருக்கும் குட்டிக் கைகளின் நுனியையும் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் பிரியும். அதற்கு ஆல்கஹாலில் போட்ட உடல் வேண்டும்.

இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பழைய ஆட்களின் உழைப்பு வேறு மாதிரித் தெரிகிறது. லத்ரேயும் அவர் காலத்துப் பிரெஞ்சுக்காரர் வால்கனேரும் நிறத்தையும் கண் வரிசையையும் பார்த்துப் பேர் வைத்தார்கள். வால்கனேர் 1802-ல் விவரித்த ஒன்றின் பெயர் லபிடோசஸ், கல் நிறைந்த இடத்துக்காரன் என்று பொருள். எங்கே கிடைத்ததோ அதுவே பேர். நியூரம்பர்க்கில் வைத்தியம் பார்த்துக்கொண்டே லுட்விக் கோக் 1866-ல் இந்தக் குடும்பத்துக்கென்று தனிப் புத்தகமே போட்டார். அப்போது இதற்கு டிராசிட் என்று பேர். பாரிஸில் யூஜின் சிமோன் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களை விவரித்தார். மோரிஸ் மாந்த்ரோன் நம் தென்னிந்தியாவில் சேகரித்துப்போனதும் அவர் மேசைக்குத்தான் போனது, 1905, 1906-ல் அச்சானது.

அப்புறம் நம்மவர் பினோய் கிருஷ்ண திகதர். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் இருந்துகொண்டு 1982-ல் இந்தியத் தரைச்சிலந்திகளை ஒரே இடத்தில் தொகுத்தார். ஒவ்வொன்றுக்கும் கோட்டுப்படம். அந்தப் பக்கங்களை வெகுநேரம் புரட்டினேன். இந்தியத் தரைச்சிலந்திகளில் பலவற்றுக்குப் பெண் மட்டும் தெரியும், ஆண் தெரியாது. சிலவற்றுக்கு ஆண் மட்டும். ஜோடி இன்னும் எங்கோ ஒரு கல்லுக்கு அடியில் இருக்கிறது.

அமெரிக்காவில் நார்மன் பிளாட்னிக், முகம்மது உமர் ஷதாப் இருவரும் வட அமெரிக்கத் தரைச்சிலந்திகளைப் பேரினம் பேரினமாக வருஷக்கணக்கில் திருத்தி எழுதினார்கள். 1990-ல் பிளாட்னிக் அந்த நூல் குழாய்களையே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, யாருக்கு யார் உறவு என்று புதிதாக வரிசைப்படுத்தினார். உலகச் சிலந்திப் பட்டியலைக் கட்டிக் காத்து 2014-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். 2020-ல் இறந்துபோனார். பட்டியல் 2022-ல் ஐம்பதாயிரம் இனங்களைத் தொட்டது. அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அவளைப் பிடித்து அனுப்பலாமா என்று பையன் போனில் கேட்டான். "முட்டை மேல உட்கார்ந்திருக்கா கண்ணு, இப்ப வேண்டாம்" என்றேன். ஆண் ஒன்று கிடைத்தால் பிடிப்பேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. பார்க்காமல் பேர் இல்லை.

டிசம்பர் 1

குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. தகட்டின் ஓரத்தில் சின்னத் துளை. வெளிர் மஞ்சளாக, கடுகைவிடச் சிறியதாக, இருபது வரை எண்ணினேன்; அதற்குமேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கணக்குத் தவறிவிட்டது. அவள் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். வயிறு சுருங்கி, பளபளப்பு போய், பழைய நாடா மாதிரி இருந்தாள்.

டிசம்பர் 5

குஞ்சுகள் ஒன்றுகூட இல்லை. அவள் பைக்கு வெளியே, கால்களை உள்ளே மடக்கிக் கிடந்தாள். எறும்பு வந்து ஒரு காலை இழுத்துக்கொண்டிருந்தது. ஊதி விரட்டினேன்.

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி, சின்ன ஊசிமருந்துப் புட்டியைக் கழுவி அதில் ஊற்றி, தூரிகை நுனியால் அவளை எடுத்து இறக்கினேன். சீட்டையும் புட்டிக்கு உள்ளேயே போட வேண்டும் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். பேனா மை கரைந்துவிடும், பென்சிலால்தான் எழுத வேண்டும். பையனின் பென்சில் பெட்டியைக் கிளறி ஒன்று எடுத்தேன். சீட்டு ஒரு தபால்தலை அகலம்தான்.

அரியலூர் மாவட்டம். வீட்டுக் கொல்லை, கிணற்றடி, சீமை ஓட்டுக்கு அடியில். டிசம்பர் 5. பெண், ஒன்று. இனம்:

அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு மூடியைத் திருகினேன்.